படித்ததாகச் சொன்னவள்

அந்த அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் யாரும் முழுசான புத்தகம் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. முழுசானவை கடைக்குப் போய்விடும். இவர்களுக்கு மிஞ்சுவது பைண்டிங்கில் சொதப்பிய வேஸ்ட் காப்பிகள்தான். பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு மடிப்புக்கு அங்கே ஃபாரம் என்று பெயர். சில புத்தகத்தில் ஒரு ஃபாரம் விடுபட்டிருக்கும், சிலதில் ஒரே ஃபாரம் இரண்டு தடவை ஒட்டியிருக்கும், சிலதில் தலைகீழாக உட்கார்ந்திருக்கும். காகிதக் கூழுக்குப் போடுவதற்கு முன்னால் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்பது ரொம்ப நாளாக இருந்துவந்த சலுகை.

காசு கொடுத்துப் புத்தகம் வாங்கும் படிப்பாளிகள் என்று அங்கே ஒருத்தரும் கிடையாது. ஆனால் சும்மா கிடைப்பதை யார் விடுவார்கள்? எதை எடுப்பது என்றுதான் தெரியாது. அதற்குத்தான் அபிப்பிராய அக்கா இருந்தாள்.

அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்ததோடு சரி. வாரத்துக்கு இரண்டு மூன்று வேஸ்ட் காப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு போவாள். பேருந்தில் நின்றபடி படிப்பாள், அடுப்பில் பால் பொங்கி வழிய வழியப் படிப்பாள். வெள்ளிக்கிழமை தேநீர் இடைவேளையில் கட்டிங் மேஜைமேல் ஏறி உட்கார்ந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சேர்த்து அபிப்பிராயம் சொல்வாள். பிறகு அதையே அட்டைத் துண்டில் இரண்டு வரி எழுதிப் புத்தகத்துக்குள் செருகி வைப்பாள்.

"இந்தத் துப்பறியும் கதையை எடுக்கறவங்க யோசிச்சு எடுங்க. கொலைகாரன் ஒன்பதாவது ஃபாரத்தோட போயிட்டான். எனக்கு அந்த டாக்டர் மேலதான் சந்தேகம், அநியாயத்துக்கு மரியாதையா பேசறான்."

"இது காதல் கதை. நாலாவது ஃபாரம் ரெண்டு தடவை வருது. அவன் ரெண்டு தடவை காதலைச் சொல்றான், ரெண்டு தடவையும் அவளுக்குப் புரியல."

"வாழ்க்கையில முன்னேற வழி சொல்றாராம். காலங்காத்தால நாலு மணிக்கு எந்திரிக்கணுமாம். எந்திரிச்சு என்ன செய்யணும்னு சொன்ன ஃபாரத்தைக் காணோம். அதனால நான் தூங்கிட்டேன்."

சரித்திர நாவலில் குதிரை முந்நூறு பக்கம் ஓடியும் ராஜா இன்னும் வீடு வந்து சேரவில்லை என்று குறைப்பட்டாள். கவிதைத் தொகுப்பில் பக்கத்துக்கு ஏழு வரி போக மீதி வெற்றுத்தாள், பிள்ளைகள் படம் வரைய ஆகும் என்றாள். காமிக்ஸை மட்டும் அவள் கிண்டல் செய்ததே இல்லை. "பயந்தவன் மூஞ்சியை எழுதிக் காட்ட அரைப் பக்கம் வேணும். படம் போடறவனுக்கு ஒரு புருவம் போதும்" என்பாள். அந்த அச்சகத்தில் இருந்த நாற்பது பேரும் அவள் சிபாரிசை நம்பித்தான் படித்தார்கள்.

ஆனால் இதெல்லாம் இடைவேளைச் சமாச்சாரம். அவள் வேலை செக்கர் வேலை. அச்சகத்தில் புத்தகத்தைவிட அதிகமாக அச்சானது மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுத் தாள்தான். எந்த மருந்து, யாருக்கு, எவ்வளவு, எத்தனை வேளை என்று பொடி எழுத்தில் இருக்குமே, அது. மருந்துக் கம்பெனி ஒப்புதல் கொடுத்த மாதிரித் தாள் கோப்பில் இருக்கும். மிஷினிலிருந்து வருவதில் நூற்றுக்கு ஒன்றை உருவி, வரிக்கு வரி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைத்தான் செய்தாள். அவள் கையெழுத்துப் போட்ட கட்டை யாரும் மறுபடி பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை அவளுக்குத் தலைவலி வந்தது. மண்டைக்குள் யாரோ ஆணி அடிக்கிற வலி. இரண்டு நாள் சுருண்டு படுத்திருந்தாள். மகள் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். திங்கட்கிழமை வலி விட்டிருந்தது. அப்பாடா என்று எழுந்து, கதவு நிலையில் வலது தோளை இடித்துக்கொண்டு கிளம்பினாள்.

அச்சகத்தில் முதல் தாளை எடுத்துப் பார்த்தாள். தாள் இருந்தது. கறுப்பு மை இருந்தது. வரிவரியாக என்னவோ இருந்தது. எழுத்து மட்டும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்து மாட்டினாள். எல்லாமே துல்லியமாகத் தெரிந்தது, கோடும் சுழியும் புள்ளியும் பளிச்சென்று தெரிந்தன. எது என்ன எழுத்து என்று மட்டும் தெரியவில்லை. எண்களும் அப்படியேதான். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள், "புகை பிடிக்காதீர்கள்" பலகையைப் பார்த்தாள். அது அந்தப் பலகை என்பது இடத்தை வைத்துத் தெரிந்ததே தவிர, படித்துத் தெரியவில்லை.

கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றாள். கண் போய்விட்டது என்றால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். கண் இருக்கிறது, அதனால்தான் பயம். புத்தி போய்க்கொண்டிருக்கிறதோ? இன்றைக்கு எழுத்து, நாளைக்கு மகளின் முகமா? வெளியே சொன்னால் செக்கர் வேலை போகும். வேறு வேலை தெரியாது. புருஷன் இல்லாத வீட்டில் மகளுக்குப் பாரமாக மூலையில் உட்கார வேண்டும். இரண்டு நாளில் சரியாகிவிடும், அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

இரண்டு நாளில் சரியாகவில்லை. இரண்டு வாரத்திலும் சரியாகவில்லை.

வேலையை எப்படியோ ஓட்டினாள். அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேஜை ஒன்று இருந்தது. மாதிரித் தாளைக் கீழே போட்டு, புதுத் தாளை மேலே வைத்தால், இரண்டும் ஒன்றாக இருக்கிறவரை ஒரே தாளாகத் தெரியும். ஒரு புள்ளி மாறினாலும் அந்த இடம் கலங்கலாகத் தெரியும். படிக்கவே வேண்டாம். "என்னக்கா, இப்பல்லாம் மேஜையை விட்டு நகர மாட்டேங்கறே?" என்று மடிப்பு மிஷின்காரி கேட்டாள். "முதுகு வலி" என்று மழுப்பினாள்.

வீட்டில் வலது பக்கம் வைத்த டம்ளரை மூன்று தடவை தட்டிவிட்டாள். "கண் டாக்டர்கிட்ட போலாம்மா" என்றாள் மகள். "கண்ணாடி மாத்தணும், அடுத்த வாரம் பார்ப்போம்" என்றாள் இவள். டாக்டர் என்ற சொல்லைக் கேட்டாலே பேச்சை மாற்றினாள். போனால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்களே.

வெள்ளிக்கிழமைகள்தான் பெரிய கண்டம். அட்டைப் படத்தைப் பார்த்துக் கதையை இட்டுக்கட்டினாள். துப்பாக்கி இருந்தால் கொலை, பூ இருந்தால் காதல், கோட்டுப் போட்ட ஆள் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தால் வாழ்க்கையில் முன்னேறுவது. காமிக்ஸ் வந்தால் நிம்மதி, படம் பார்த்தே முழுக் கதையும் சொல்லிவிடலாம். படிக்காமல் சொன்ன அபிப்பிராயத்துக்குத்தான் கைதட்டல் அதிகமாக விழுந்தது, அந்த வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்வது? ஒரு நாள் வழக்கப்படி அட்டைத் துண்டில் இரண்டு வரி எழுதினாள். பேனா தன் பாட்டுக்கு ஓடியது, கை தடுமாறவே இல்லை. எழுதி முடித்துவிட்டுத் தான் எழுதினதையே பார்த்தாள். ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. யாரோ தன் கையைப் பிடித்து எழுதிவிட்டுப் போனது மாதிரி இருந்தது. அட்டையை அப்படியே செருகிவிட்டு உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை அவள் கையில் இருந்தது ஒரு பேய்க் கதை. அட்டையில் இடிந்த பங்களா, மாடி ஜன்னலில் ஒற்றைக் கை. மேஜைமேல் ஏறி உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

"இதை இளகின மனசுக்காரங்க எடுக்காதீங்க. மாடிப்படி ஏறும்போது ஒரு சத்தம் வருது பாருங்க, எனக்குக் கை காலெல்லாம் உதறிடுச்சு. அந்தக் கையைப் பத்திச் சொல்ற இடத்துல புத்தகத்தை மூடி வச்சிட்டேன்."

மடிப்பு மிஷின்காரி புத்தகத்தை வாங்கிப் பிரித்தாள். இரண்டு பக்கம் புரட்டினாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"அக்கா! உள்ள கோழி வளர்ப்புல்ல இருக்கு! அட்டை மட்டும்தான் பேய். கோழிக்கு வர்ற நோயும் அதைத் தடுக்கற வழியும்!"

எல்லோரும் இடம் அதிரச் சிரித்தார்கள். அட்டை மாறி ஒட்டின காப்பியை வைத்துக்கொண்டு அக்கா இப்படி ஒரு நாடகம் போடுகிறாளே என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். "மாடிப்படி ஏறினது சேவலா, பெட்டையாக்கா?" என்று கட்டிங்காரர் கேட்டார். "அடை காக்கற கோழி. அதான் அவ்வளவு கோபம்" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. சிரிப்பு இன்னும் கூடியது. அவளும் சிரித்தாள். முதுகில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை பேர் நடுவில் தான் கழுத்தளவு தண்ணீரில் நிற்பது ஒருத்தருக்கும் தெரியவில்லையே என்று நிம்மதியாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். பசைக்காரர். பைண்டிங் மிஷினில் சூடான பசையோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டினவர், அவளுக்கு அண்ணன் மாதிரி. இடைவேளை முடிந்து குழாயடியில் அவள் டம்ளரைக் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"தங்கச்சி, அந்தப் புத்தகத்தை நீ திறக்கவே இல்லையா?"

"தமாஷுக்குச் சொன்னேண்ணே."

"சரி." சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "கண்ணாடியை வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லேன்."

அவர் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய கண்ணாடி அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

"எனக்கு வேலை கிடக்குண்ணே."

"அதையேதான் நானும் சொல்றேன். உன் வேலை மருந்துத் தாள்ல கையெழுத்துப் போடறது."

"என் வேலை எனக்குத் தெரியும்!" அவள் குரல் அவளுக்கே நாராசமாகக் கேட்டது.

பசைக்காரர் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். "நானாப் போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிடு. சீக்கிரம் சொல்லிடு" என்று போய்விட்டார்.

சனி போனது, ஞாயிறு போனது. அவள் சொல்லவில்லை. அச்சக வேலைகளை மேற்பார்க்கிற மேஸ்திரியின் அறை வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பினாள். பசைக்காரர் இருக்கிற பக்கம் தலை வைக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தாள். யாராவது காகிதத்தோடு எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புதன்கிழமை குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்தின் தாள் ஓடியது. மேஸ்திரியே கோப்பிலிருந்து மாதிரித் தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "குழந்தை சிரப், சாயங்காலம் லாரி. சீக்கிரம் பார்த்து விடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் தாளைத் தாளின்மேல் போட்டாள். ஒரு கலங்கலும் இல்லை. கையெழுத்துப் போட்டாள். கட்டுகள் மடிப்புக்குப் போயின, பெட்டிகளில் ஏறின. நாலு மணிக்கு வாசலில் லாரி வந்து நின்றது.

கை ஓய்ந்து உட்கார்ந்தபோதுதான் ஏதோ உறுத்தியது. இந்த மருந்தின் தாளை வருஷக்கணக்காகப் பார்த்தவள் அவள். அதில் கீழே ஒரு ஓரத்தில் அளவு மூடியின் படம் இருக்கும், எதுவரை ஊற்ற வேண்டும் என்று கோடு போட்டிருக்கும். இன்றைய தாளில் படமே இல்லை. மாதிரித் தாளை எடுத்துப் பார்த்தாள். அதிலும் இல்லை. இரண்டும் ஒன்றுபோல இருந்தன. மிஷினுக்கு அச்சுத் தகடு எடுப்பதே இந்த மாதிரித் தாளை வைத்துத்தான், ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கம்பெனி படத்தை எடுத்திருக்கலாம். மாற்றுகிறவர்கள் மாற்றுவார்கள், அவர்கள் இஷ்டம். இல்லை, மாதிரித் தாளே வேறு எதனுடையதோ? எழுத்துத் தெரிந்த எவரும் ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். பக்கத்தில் மடிப்பு மிஷின்காரி இருந்தாள், கூப்பிட்டால் வந்துவிடுவாள். "இதைக் கொஞ்சம் படி" என்று சொல்ல வேண்டியதுதான். சொன்ன நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். வெளியே பெட்டிகளைத் தூக்கிப் போடுகிற சத்தம் கேட்டது.

தாளில் மருந்தின் பெயருக்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி இருக்கும். யாருக்கான மருந்து என்று சொல்கிற வரி. அதை விரல் நகத்தால் தடவினாள். கைக்கு இன்னும் எழுதத் தெரிகிறதே, எழுத்தின் மேலேயே எழுதிப் பார்த்தால் கை சொல்லாதா? முதல் கோட்டைப் பிடித்து மெதுவாக ஓட்டினாள். வளைத்தாள், இறக்கினாள். ஒன்றும் தோன்றவில்லை. மறுபடி ஓட்டினாள். மூன்றாவது தடவை விரல் தானாகப் போகிற வழி தெரிந்து போயிற்று. பெ. ஐந்து வாரத்துக்குப் பிறகு அவள் படித்த முதல் எழுத்து. சந்தோஷப்பட நேரமில்லை. அடுத்தது. ரி. அதற்கடுத்ததில் விரல் வழுக்கியது, திரும்ப ஆரம்பித்தாள். ய. அடுத்தது வ.

குழந்தைகளுக்கு என்று எழுத இந்த எழுத்துகள் எதுவுமே வேண்டியதில்லை.

அவள் எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. வலது தோள் கதவில் இடித்தது, நிற்காமல் ஓடினாள். "லாரியை நிறுத்துங்க! இறக்குங்க, எல்லாத்தையும் இறக்குங்க!"

மேஸ்திரி கையில் சரக்குச் சீட்டோடு திரும்பினார். "என்ன ஆச்சு உனக்கு? நீதானே பாஸ் பண்ணே? உன் கையெழுத்து இருக்கே."

"படிக்காமப் போட்டேன் மேஸ்திரி."

"படிக்காமன்னா?"

"எனக்குப் படிக்க வரல." எத்தனை நாளாக மென்று முழுங்கின சொல், இவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. "கண்ணு தெரியுது, எழுத்து தெரியல. அஞ்சு வாரமா. இது பெரியவங்க மருந்தோட தாள்னு நினைக்கிறேன். யாராவது படிச்சுப் பாருங்க. தயவுபண்ணிப் படிங்க."

சுமை தூக்கினவர்கள் பெட்டியைத் தோளில் வைத்தபடியே நின்றார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார், அக்கா மறுபடியும் கோழிக் கதையை ஆரம்பிக்கிறாள் என்று. அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. பசைக்காரர் வந்து அவள் கையிலிருந்த தாளை வாங்கினார். கழுத்திலிருந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"பெரியவர்களுக்கு மட்டும். ஒரு வேளைக்கு மூணு மூடி."

குழந்தைக்கு அரை மூடி என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். வருஷக்கணக்காக அச்சடிக்கிறவர்கள்தானே.

மேஸ்திரியின் முகம் சுண்டிப்போயிற்று. கோப்பில் மாதிரித் தாளை மாற்றி வைத்தது அவர்தான். அவள்மேல் கத்த வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசிப் பெட்டி இறங்கியதும் அவள் தாள் கட்டு ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டாள். மடிப்பு மிஷின்காரி ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளைக்கா, போகறதுக்குள்ள சொன்னே. மகளுக்குப் போன் பண்றேன், நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றாள்.

"பதிவேட்டை எடுங்க" என்றார் பசைக்காரர்.

மேஸ்திரி நிமிர்ந்தார்.

"இந்த மாதிரித் தாள் கோப்புக்குள்ள எப்ப மாறிச்சு? இன்னிக்கா, அதுக்கு முன்னாலயா?"

மேஸ்திரி பதிவேட்டை எடுத்துவந்து, இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் அவளிடமே நீட்டினார். "இதே சிரப்பு எப்ப ஓடிச்சு, பாரு." அவள் வாங்கிக்கொண்டாள். அவள் கையால் எழுதின பக்கங்கள், அவள் கையெழுத்து. மடியில் விரித்துக் குனிந்து பார்த்தாள். பிறகு பசைக்காரரிடம் கொடுத்தாள்.

அவர் விரலை வைத்துக் கீழ்நோக்கிப் படித்துக்கொண்டே வந்தார். கண் சொட்டு மருந்து. இருமல் மாத்திரை. களிம்பு. வயிற்றுவலி மாத்திரை. ஒவ்வொரு பெயருக்கும் அவள் மூச்சைப் பிடித்து விட்டாள். பிறகு அவர் விரல் நின்றது.

"பன்னிரண்டு நாளைக்கு முன்னால. குழந்தை சிரப். நாற்பது பெட்டி."

அன்றைக்கு அச்சடித்ததில் எடுத்து வைத்த பிரதி ஒன்று கோப்பின் பின்பக்கம் இருந்தது. எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் ஓரத்தில் மூடிப் படம் இல்லை.

மேஸ்திரி போனைச் சுழற்றினார். மருந்துக் கம்பெனியின் கிடங்கில் யாரோ எடுத்தார்கள். இவர் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. "கடைக்கெல்லாம் போயிடுச்சா? எந்தெந்தக் கடைன்னு தெரியுமா? இன்னிக்கே சொல்லிடுங்க சார், இப்பவே சொல்லிடுங்க" என்று மேஸ்திரி திரும்பத் திரும்பக் கெஞ்சினார்.

மகள் வந்து பக்கத்தில் நின்றாள். "வாம்மா, வண்டி நிக்குது. அந்தத் தலைவலியில மூளைக்கு ரத்தம் போறது எங்கியோ அடைச்சிருக்கும்னு டாக்டர் சொல்றாரு" என்று கையைப் பிடித்தாள். அவள் எழுந்திருக்கவில்லை. அத்தனை நாளும் நடுங்கினது தனக்காக, தன் வேலைக்காக, தன் புத்திக்காக. இப்போது அதெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. போனில் பேசுகிற மேஸ்திரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கோ ஒரு வீட்டில் காய்ச்சலில் சுருண்ட குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒருத்தி மருந்துப் பெட்டியைப் பிரிப்பாள். தாளை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியும். குழந்தை மருந்துதானே என்று மேலே தடித்த வரியைத் தாண்டி, எவ்வளவு என்று போட்ட வரியை நிதானமாகப் படித்துவிட்டு, அதில் சொல்லியிருக்கிறபடியே, மூன்று மூடி ஊற்றிக் கொடுப்பாள்.